செல்போன் மீனவர் வாழ்க்கையை மாற்றியதா என்று கேட்பதற்கு முன்

நீங்கள் கேட்டிருப்பதை என் வார்த்தையில் ஒருமுறை சொல்லிவிடுகிறேன். பி.எஸ்ஸி. இயற்பியல் இரண்டாம் ஆண்டு, கடற்கரையை ஒட்டிய ஒரு கல்லூரி, நான்கு பேர் கொண்ட குழு. அறிவியலும் தொழில்நுட்பமும் சமூகத்தை எப்படிப் பாதிக்கின்றன என்ற பொதுத்தலைப்பில் ஒரு ப்ராஜெக்ட் செய்ய வேண்டும். செல்போனும் ஜிபிஎஸ்ஸும் மீனவர் வாழ்க்கையில் கொண்டுவந்த மாற்றங்களை எடுத்திருக்கிறீர்கள். உங்கள் கைடு சொன்னபடி கூகுள் ஃபார்மில் நூறு பேரிடம் கேட்டு வாங்கினால் போதுமா, இளநிலை மாணவர்கள் செய்வதை ஆராய்ச்சி என்று யாராவது ஒப்புக்கொள்வார்களா என்று கேட்கிறீர்கள். இதற்கு அடியில் இன்னொரு கேள்வியும் இருப்பதாக எனக்குப் படுகிறது. லேபும் இல்லை, கருவியும் இல்லை, ஆட்களிடம் பேசிச் சேர்த்த பேச்சு எப்படி உண்மையாகும்? இயற்பியல் படிப்பவருக்கு வரவேண்டிய சந்தேகம்தான். அதை மனதில் வைத்தே எழுதுகிறேன்.

நான் சமூகவியல் படித்தவன். இருபது வருடத்துக்கு மேலாக இளநிலை வகுப்புகளுக்குப் பாடம் நடத்தி வருகிறேன். மாணவர்களை அழைத்துக்கொண்டு கடற்கரை ஊர்களுக்குப் பல வருடம் போய் வந்திருக்கிறேன். ஆனால் மீனவக் குடும்பத்தில் பிறந்தவன் அல்ல. கடலுக்குள் போனது இரண்டே முறை, அதுவும் கரை கண்ணுக்குத் தெரிகிற தூரம்தான். ஆகவே கடலைப் பற்றி இங்கே நான் சொல்வதைக் கரையில் நின்று கேட்டதாக எடுத்துக்கொள்ளுங்கள். ஆய்வு எப்படிச் செய்வது, எங்கே சறுக்கும் என்பது மட்டும் நேரடி அனுபவம்.

முதலில் பயத்தைப் போக்கிவிடலாம். நீங்கள் எடுத்திருப்பது நல்ல தலைப்பு. செல்போன் ஒரு சந்தையை என்ன செய்கிறது என்பதற்கு உலகம் முழுவதும் எடுத்துக்காட்டாகச் சொல்லப்படும் ஆய்வு நமக்குப் பக்கத்துக் கரையில் நடந்ததுதான். ராபர்ட் ஜென்சன் என்ற பொருளியலாளர் கேரளத்தின் வடக்கு மாவட்டங்களான கோழிக்கோடு, கண்ணூர், காசர்கோட்டில் 1996 முதல் 2001 வரை வாரா வாரம் மத்தி விலையைச் சேகரிக்க வைத்தார். கட்டுரை 2007இல் வெளியானது. அதில் ஒரு நாள் காலைக் காட்சி வரும். 1997 ஜனவரி 14 அன்று வடகரையில் 11 மீனவர்களின் மீனை வாங்க ஆளில்லை, விலை பூஜ்யம். அதே நேரம் 15 கிலோமீட்டருக்குள் இருந்த வேறு கரைகளில் 27 வியாபாரிகள் மீன் கிடைக்காமல் வெறுங்கையோடு கிளம்பப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். இந்தப் பக்கம் மீனைக் கொட்டுகிறார்கள், அந்தப் பக்கம் மீனே இல்லை. நடுவில் ஒருவருக்கொருவர் தகவல் சொல்ல வழியில்லை. செல்போன் கோபுரங்கள் வந்த பிறகு கரைக்குக் கரை விலை வித்தியாசம் பெரிதும் சுருங்கியது. அதற்கு முன் 5 முதல் 8 சதவீதம் வரை வீணாகிக்கொண்டிருந்த மீன் அனேகமாக வீணாகாமல் நின்றது. மீனவரின் லாபம் சராசரியாக 8 சதவீதம் ஏறியது, வாங்கித் தின்பவருக்கு விலை 4 சதவீதம் இறங்கியது.

இந்த எண்களை நான் நம்புகிறேன். ஏன் நம்புகிறேன் என்பதுதான் உங்களுக்குப் பயன்படும். மூன்று பகுதிக்கும் கோபுரம் ஒரே நாளில் வரவில்லை. முதல் பகுதிக்கு 1997 தொடக்கத்தில் வந்தது, அடுத்ததற்கு 1998 நடுவில், மூன்றாவதற்கு 2000இல். ஒரு பகுதியில் போன் வந்து விலை சீரானபோது, போன் வராத பக்கத்துப் பகுதியில் விலை பழையபடி தாறுமாறாகவே இருந்தது. அங்கும் போன் வந்ததும் அங்கும் சீரானது. கடலும் அதே கடல், மீனும் அதே மத்தி, மாறியது ஒன்றுதான். உங்கள் லேபில் ஒரு மாறியை மட்டும் மாற்றிவிட்டு மற்றவற்றை நிலையாக வைப்பீர்கள் அல்லவா, அதற்கு மிக நெருக்கமான ஒன்று இங்கே தானாக அமைந்தது. ஆட்களிடம் பேசிச் சேர்ப்பது எப்படி உண்மையாகும் என்பதற்கு முதல் பதில் இது. எதை எதோடு ஒப்பிடுகிறோம் என்பதில்தான் பலம் இருக்கிறது. எத்தனை பேரிடம் கேட்டோம் என்பது அதற்குப் பிறகுதான் வரும்.

இதுவரை உறுதியானது. அந்த மூன்று மாவட்டத்தில், அந்த ஐந்து வருடத்தில், மத்தி மீனில் நடந்தது. இதை வைத்துக்கொண்டு போன் வந்தால் மீனவர் வாழ்வு உயரும் என்று பொதுவாகச் சொல்லும்போது உறுதி குறைய ஆரம்பிக்கிறது. பின்னால் கேரளக் கரைக்குப் போய்ப் பல வகை மீனவர்களோடு பேசிப் பார்த்த ஜானகி சீனிவாசனும் ஜென்னா பரெலும் 2013இல் எழுதிய கட்டுரையைக் கட்டாயம் தேடிப் படியுங்கள். கடலில் இருந்தபடியே போன் போட்டு விலை கேட்டு, எங்கே அதிகமோ அந்தக் கரைக்குப் படகைத் திருப்புகிற வழக்கம் எல்லா மீனவரிடமும் இல்லை என்று அவர்கள் காட்டினார்கள். படகு எவ்வளவு பெரியது, என்ன வலை, யாரிடம் கடன், எந்த ஏலக்காரரோடு உறவு என்பதைப் பொறுத்தே அது நடக்கிறது.

நம் கரையிலும் இதைப் பார்க்கலாம். படகும் என்ஜினும் வலையும் வாங்க ஏலக்காரரிடமோ கம்பெனிக்காரரிடமோ முன்பணம் வாங்கியிருப்பார்கள். வாங்கியவர் மீனை அவரிடமே இறக்க வேண்டும், ஒவ்வொரு ஏலத்திலும் அவருக்குக் கமிஷன் போகும். முன்பணம் தீரும்வரை வேறு கரையில் எவ்வளவு விலை போனாலும் அது காதில் விழும் செய்தி மட்டும்தான். இதைச் சுரண்டல் என்று ஒரே வார்த்தையில் எழுதிவிடத் தோன்றும், அவசரப்படாதீர்கள். மீன்பாடு இல்லாத மாதங்களில் வீட்டுச் செலவுக்குக் கை கொடுப்பவரும் பெரும்பாலும் அவராகவே இருப்பார். வங்கி கொடுக்காத கடனை எந்தப் பத்திரமும் இல்லாமல் கொடுப்பவர் அவர்.

ஒருமுறை ஒரு மாணவி செய்ததைச் சொல்கிறேன். ஐம்பதைத் தாண்டிய ஒரு நாட்டுப்படகு மீனவர், சட்டைப்பையில் பாலித்தீன் உறையில் சுற்றி ரப்பர் பேண்ட் போட்ட பட்டன் போன். “போன் வந்ததால் உங்களுக்கு என்ன நன்மை ஐயா?” என்று கேட்டதற்கு “எல்லாம் நன்மைதான்மா” என்றார். அதற்கு மேல் பேச்சு நகரவில்லை. அவள் கேள்வியை மாற்றினாள். “நேற்றுக் காலையிலிருந்து யார் யாருக்குப் பேசினீர்கள் என்று போனைப் பார்த்துச் சொல்வீர்களா?” அவர் உறையைப் பிரித்து ஒவ்வொன்றாகச் சொன்னார். ஐஸ் கடைக்கு ஒன்று. கூட வரும் ஆள் எழுந்துவிட்டாரா என்று கேட்க ஒன்று. கரைக்குத் திரும்பும்போது மனைவிக்கு ஒன்று, கூடையை எடுத்துக்கொண்டு வரச்சொல்லி. ஏலக்காரருக்கு ஒன்று, இவ்வளவு மீன் வருகிறது என்று சொல்ல. விலை கேட்டு ஒரு அழைப்புகூட இல்லை. அப்புறம் மூன்று முறை ஒரே எண். பக்கத்துப் படகில் இருக்கும் மச்சானுக்கு, எங்கே மீன் படுகிறது என்று கேட்க. ஏழு அழைப்பு அடங்கிய அந்தச் சின்னப் பட்டியலில் ஒரு முழுத் தொழில் தெரிந்தது. எனக்குமே அன்றைக்குத்தான் தெரிந்தது, நான் அதுவரை விலையை மட்டுமே கேட்டு வந்திருக்கிறேன் என்று. போன் அவருக்குச் சந்தையை விடவும் ஆட்களை ஒருங்கிணைக்கிற கருவியாக இருந்தது.

இதிலிருந்து உங்கள் தலைப்புக்கு வருகிறேன். ‘பாதிப்பு’ என்ற சொல் உங்களைக் கொஞ்சம் திசைதிருப்பும். தொழில்நுட்பம் மேலிருந்து மழைபோல விழுகிறது, கீழே சமூகம் நனைகிறது என்கிற மாதிரி ஒரு படத்தை அது மனதில் போட்டுவிடுகிறது. உண்மையில் ஒரு கருவி கரைக்கு வரும்போது அங்கே ஏற்கெனவே கடன் இருக்கிறது, ஊர்க்கட்டுப்பாடு இருக்கிறது, சாலை இருக்கிறது அல்லது இல்லை, ஐஸ் கிடைக்கிறது அல்லது கிடைக்கவில்லை. அவற்றோடு சேர்ந்துதான் அது ஏதாவது செய்கிறது. கொல்லத்துக்குப் பக்கத்தில் நீண்டகரையில் 1953இல் தொடங்கிய இந்திய-நார்வே திட்டத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அந்த ஊர் மீனவர்களுக்குச் சிறிய இயந்திரப் படகு கொடுத்து அவர்கள் வாழ்வை உயர்த்துவதுதான் நோக்கம். நல்லெண்ணத்தோடு செய்தார்கள், ஐஸ் ஆலையும் சுகாதார நிலையமும்கூடக் கட்டினார்கள். ஆனால் வெளிநாட்டில் இறாலுக்குக் கிராக்கி ஏறியதும் கதை மாறிவிட்டது. கடலடியை வாரி வரும் இழுவலையும் அதற்கான விசைப்படகும் பெருகின, மீன்பிடித்தொழிலுக்குச் சம்பந்தமே இல்லாதவர்களும் பணத்தைப் போட்டார்கள், வள்ளத்திலும் கட்டுமரத்திலும் போனவர்களின் வலையும் மீனும் பறிபோயின. மோதல் வெடித்தது. தமிழகக் கரையிலும் அதே மோதல்தான். 1983இல் வந்த தமிழ்நாடு கடல் மீன்பிடி ஒழுங்குமுறைச் சட்டம் கரையிலிருந்து 3 கடல் மைலை நாட்டுப்படகுகளுக்கு என்று ஒதுக்கியதற்கு இதுவே பின்னணி. யாருக்காகக் கொண்டுவந்தார்களோ அவர்களுக்கே எதிராக ஒரு படகு திரும்ப முடியும் என்றால், போனையும் ஜிபிஎஸ்ஸையும் பற்றிக் கேட்கும்போது “யாருக்கு?” என்பதைக் கேள்விக்குள்ளேயே வைக்க வேண்டும்.

எதிர்ப்பக்கத்தையும் சொல்ல வேண்டும். புதுச்சேரிப் பகுதிக் கிராமங்களில் எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் 1998 முதல் தகவல் மையங்களை அமைத்தது. வீராம்பட்டினத்தில் அலையின் உயரத்தை அமெரிக்கக் கடற்படையின் இணையதளத்திலிருந்து எடுத்து, தமிழில் மாற்றி, தெரு ஒலிபெருக்கியில் வாசித்தார்கள். அதே வலைப்பின்னலைச் சேர்ந்த நல்லவாடு கிராமத்தில் 2004 டிசம்பர் 26 அன்று நடந்தது பலருக்குத் தெரிந்திருக்கும். சிங்கப்பூரில் வேலை பார்த்த அவ்வூர் இளைஞர் ஒருவர் நிலநடுக்கச் செய்தியைக் கேட்டு வீட்டுக்குப் போன் செய்தார். ஊருக்குள் தண்ணீர் ஏறுகிறது என்று தெரிந்ததும் உடனே எல்லோரையும் வெளியேறச் சொன்னார். ஊரார் மையத்தின் பூட்டை உடைத்து ஒலிபெருக்கியில் அறிவித்தார்கள். வீடுகளும் படகுகளும் போயின. சுமார் 3,600 பேர் உயிர் பிழைத்தார்கள். அங்கே ஊரைக் காப்பாற்றியது போன் மட்டுமா? போன், அலையைப் பற்றி ஒலிபெருக்கி சொன்னால் நம்பலாம் என்று முன்பே ஏற்பட்டிருந்த பழக்கம், பூட்டை உடைக்கத் துணிந்த ஆட்கள் மூன்றும் சேர்ந்துதான். இதில் ஒன்று இல்லாவிட்டாலும் என்ன ஆகியிருக்குமோ.

அந்த மூன்றில் ஒன்று அறுந்துபோனால் என்ன ஆகும் என்பதை 2017 நவம்பர் கடைசியில் ஒக்கி புயலில் பார்த்தோம். தூத்தூர், சின்னத்துறை, வள்ளவிளை போன்ற குமரி மாவட்ட ஊர்களிலிருந்து நாள்கணக்கில் தங்கி மீன் பிடிக்கப் போனவர்களை எச்சரிக்கை போய்ச் சேரவில்லை. பலர் திரும்பவே இல்லை. கரையில் எல்லோர் கையிலும் போன் இருந்தது. கடலில் அது வெறும் டப்பா. இங்கேதான் உங்கள் இயற்பியல் உதவும், சமூகவியல் மாணவர்களைவிட நீங்கள் ஒரு படி முன்னால் நிற்கும் இடம் இது. கோபுரத்தின் உயரத்தை மீட்டரில் எடுத்து, வர்க்கமூலம் கண்டு, 4.12ஆல் பெருக்கினால் ரேடியோ அடிவானத்தின், அதாவது பூமியின் வளைவு மறைக்காமல் சிக்னல் எட்டும் எல்லையின், தூரம் ஏறத்தாழக் கிலோமீட்டரில் வரும். 40 மீட்டர் கோபுரத்துக்கு 26 கிலோமீட்டர். படகில் நிற்பவர் போனைக் கடல்மட்டத்திலிருந்து 2 மீட்டர் உயரத்தில் பிடித்திருந்தால் இன்னொரு 6 கிலோமீட்டர் கூடும். பழைய 2ஜி போன்களின் ஜிஎஸ்எம் முறையில், சிக்னல் போய் வருகிற நேரத்துக்கு வைத்த எல்லையே சுமார் 35 கிலோமீட்டரில் முடிந்துவிடும். நடைமுறையில் கிடைப்பது இதைவிடக் குறைவு. ஆக, பூமியின் வளைவு ஒரு கோட்டைக் கிழிக்கிறது. அந்தக் கோட்டுக்கு உள்ளே மீன் பிடிப்பவருக்குப் போன் ஒரு பொருள், வெளியே போகிறவருக்கு வேறு பொருள். உங்கள் கரையில் உள்ள கோபுரங்களின் உயரத்தை விசாரித்து இந்தக் கோட்டை வரைபடத்தில் போடுங்கள். எந்தப் படகு எந்தப் பக்கம் போகிறது என்று மீனவர்களிடம் கேட்டு அதன்மேல் குறியுங்கள். கணக்கு சொல்லும் கோட்டுக்கும் அவர்கள் சொல்லும் கோட்டுக்கும் எவ்வளவு வித்தியாசம், ஏன் என்று பாருங்கள். இப்படி ஒன்றை இளநிலை மாணவர் செய்தால் நான் முழுமனதோடு ஆராய்ச்சி என்று சொல்வேன்.

சரி, கூகுள் ஃபார்ம். வேண்டாம் என்பது என் நேரடியான பதில். உங்கள் கைடு அதைச் சொன்னது நேரத்தை மிச்சப்படுத்தத்தான், அவர்மேல் குறை இல்லை. ஆனால் யோசித்துப் பாருங்கள். போனின் தாக்கத்தை ஆராய்கிறீர்கள், கேள்விகளைப் போன் வழியாகவே அனுப்புகிறீர்கள். ஸ்மார்ட்போன் இல்லாதவர், இருந்தும் டைப் செய்யத் தெரியாதவர், நேரம் இல்லாதவர் எல்லோரும் முதல் படியிலேயே வெளியே போய்விடுகிறார்கள். மிஞ்சுவது போனால் அதிகம் பயன்பெற்றவர்களும், மீனவ வீட்டில் படித்த பிள்ளைகளும். தெர்மாமீட்டரை அடுப்பின் மேல் வைத்துவிட்டு அறையின் வெப்பநிலையைப் படிப்பது போன்றது இது. இன்னொன்று, “வருமானம் உயர்ந்ததா? ஆம், இல்லை” என்று கேட்டால் வரும் பதிலுக்கு மதிப்பு மிகக் குறைவு. படிக்கிற பிள்ளைகள் கேட்கிறார்களே என்று மரியாதைக்கு ஆம் என்பார்கள். நிவாரணக் கணக்கெடுப்போ என்று நினைத்தால் இல்லை என்பார்கள்.

அதற்குப் பதிலாக நான்கு பேரும் இரண்டிரண்டாகப் பிரிந்து, பத்துப் பதினைந்து கிலோமீட்டர் இடைவெளியில் உள்ள இரண்டு மீன் இறங்குதளங்களை எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டிலும் கிடைக்கிற ஒரே வகை மீன். நாற்பது நாள், தினமும் காலை, முதல் மூன்று ஏலத்தின் விலையை ஒரு நோட்டில் எழுதுங்கள். அவ்வளவுதான். இதற்குத் திறமையைவிடப் பொறுமைதான் வேண்டும், அதிகாலை எழுந்திருக்க வேண்டும். ஒன்றை மட்டும் முதலிலேயே தீர்த்துக்கொள்ளுங்கள். ஏலம் பெரும்பாலும் கிலோவில் நடக்காது. கூடை, பெட்டி, சில இடங்களில் மணலில் கொட்டிய குவியல். ஒரு கரையின் கூடையும் அடுத்த கரையின் கூடையும் ஒரே அளவு என்று நினைத்துவிடக் கூடாது. ஏலக்காரர் அனுமதித்தால் பத்துக் கூடையை நிறுத்துப் பார்த்து, சராசரியும் எவ்வளவு ஏறி இறங்குகிறது என்பதும் எழுதிக்கொள்ளுங்கள். பிழைக்கணக்கு உங்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. ஒரு செமஸ்டரில் இரண்டு கரையின் விலை எவ்வளவு சேர்ந்து நகர்கிறது என்பதற்கு ஒரு வரைபடம் கிடைக்கும். விலை பிரிந்து நிற்கிற நாட்களை எடுத்துக்கொண்டுபோய், “அன்றைக்கு அந்தக் கரையில் கூடுதல் விலை போனதே, ஏன் போகவில்லை?” என்று கேளுங்கள். டீசல் என்பார் ஒருவர், முன்பணம் என்பார் ஒருவர், அந்த ஊரில் நம்மை இறக்க விடமாட்டார்கள் என்பார் இன்னொருவர். அந்தப் பதில்கள்தான் உங்கள் ஆய்வின் உயிர். நூறு பேரின் ஆம், இல்லையைவிடப் பதினைந்து பேரின் இந்தப் பதில் எனக்குப் பெரிது.

காலத்தையும் பாருங்கள். கிழக்குக் கரை என்றால் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகளுக்குத் தடைக்காலம். தெரியாமல் கோடை விடுமுறையில் போய் நின்றால் நாட்டுப்படகு மட்டும்தான் இருக்கும், விலையும் வழக்கமான விலையாக இருக்காது. வடகிழக்குப் பருவமழையில் பல நாள் யாரும் கடலுக்குப் போகமாட்டார்கள். அந்த நாட்களையும் ‘போகவில்லை’ என்று எழுதி வையுங்கள், வெற்றிடமாக விடாதீர்கள்.

பழைய காலத்தைப் பற்றிக் கேட்பதில் ஒரு சிக்கல் உண்டு. “போன் வருவதற்கு முன்னால் எப்படி இருந்தது?” என்று கேட்டால் நினைவு தன் விருப்பப்படி கதை கட்டும். ஆண்டைக் கேட்காதீர்கள், சம்பவத்தைப் பிடித்துக் கேளுங்கள். சுனாமிக்கு முன்னா பின்னா, மூத்த மகள் கல்யாணத்துக்கு முன்னா பின்னா, ஃபைபர் படகு வாங்கியபோது போன் இருந்ததா. இப்படிக் கேட்டால் வரிசையாவது சரியாக வரும். தொகையை மட்டும் நம்பாதீர்கள். பதினைந்து வருடத்துக்கு முன் ஒரு நாளைக்கு எவ்வளவு கிடைத்தது என்பதை யாராலும் சரியாகச் சொல்ல முடியாது, நம்மாலும் முடியாது.

பெண்களிடம் பேசாமல் திரும்பி வந்துவிடாதீர்கள். மாணவர் ப்ராஜெக்ட்டுகளில் நான் மிக அதிகமாகப் பார்த்த குறை இது. மீனவர் என்றதும் படகில் போகிற ஆணையே நினைக்கிறோம். ஏலத்தில் எடுத்து, ஐஸ் போட்டு, கூடையில் சுமந்து, தெருத்தெருவாக விற்பவரும் கருவாடு போடுபவரும் பெண்கள். படகு எப்போது வரும் என்று தெரியாமல் விடியற்காலையிலிருந்து கரையில் உட்கார்ந்திருந்த காலத்தை அவர்கள் நிறையச் சொல்வார்கள். ஒரு அழைப்பு வந்த பிறகு கிளம்பினால் போதும் என்றால் அந்த இரண்டு மணி நேரம் எங்கே போனது? ஓய்வுக்கா, சமையலுக்கா, இன்னொரு வேலைக்கா? ரூத் ஷ்வார்ட்ஸ் கோவன் என்ற வரலாற்றாசிரியர் 1983இல் அமெரிக்க வீடுகளைப் பற்றி எழுதியபோது, சலவை இயந்திரமும் அடுப்பும் வந்தும் இல்லத்தரசியின் வேலை நேரம் நினைத்த அளவு குறையவில்லை என்று காட்டினார். வேலையைப் பகிர்ந்துகொண்டிருந்த கைகள் விலகிக்கொண்டன, சுத்தத்தைப் பற்றிய எதிர்பார்ப்பும் ஏறிவிட்டது. கரையில் மிச்சமான அந்த இரண்டு மணி நேரத்துக்கும் இதே கேள்வியைக் கேட்டுப் பாருங்கள். அங்கேயும் அப்படித்தான் ஆகியிருக்கும் என்று முன்கூட்டியே முடிவுகட்டிவிட்டுப் போகக் கூடாது. ஆண் மாணவர்கள் மட்டும் போனால் பெண்கள் அதிகம் பேசமாட்டார்கள் என்பதையும் குழு பிரிக்கும்போது யோசியுங்கள்.

இனி சொல்வதைக் கொஞ்சம் கண்டிப்பாகவே சொல்கிறேன். ஜிபிஎஸ் பற்றிக் கேட்கப் போகிறீர்கள். கருவியில் பதிந்த பாதையை, எந்த இடத்தில் வலை போட்டார் என்ற ஆயத்தொலைவை வாங்காதீர்கள். நல்ல மீன் கிடைக்கும் இடம் ஒரு குடும்பத்தின் சொத்து மாதிரி. முன்பு கரையில் தெரியும் மலையையும் கோவில் கோபுரத்தையும் தேவாலய உச்சியையும் ஒன்றுக்கொன்று நேர்வைத்துக் கடலில் இடம் கண்டவர்கள் அந்த அறிவை மகனுக்குத்தான் சொன்னார்கள். இன்று அது ஒரு எண்ணாகிவிட்டது, யாரும் நகல் எடுக்கலாம். இந்த மாற்றமே தனி ஆய்வுக்கு உரியது. அதைப் பேச எண்களே தேவையில்லை. பாக் நீரிணைப் பக்கம் என்றால் இன்னும் ஆபத்து. இலங்கையோடு எல்லை வகுத்த 1974, 1976 ஒப்பந்தங்களுக்குப் பிறகு, கோட்டின் எந்தப் பக்கம் படகு நின்றது என்பது கைது வரை போகும் விஷயம். உங்கள் லேப்டாப்பில் அப்படி ஒரு பதிவு இருக்கவே கூடாது. கடன் தொகையையும் ஏலக்காரர் பெயரோடு சேர்த்து எழுதாதீர்கள். ஆளின் பெயரையும் படகின் எண்ணையும் எழுத வேண்டாம். சிறிய ஊர் என்றால் ஊர்ப் பெயரையும் மாற்றிவிடுங்கள். எதற்குக் கேட்கிறோம், எங்கே கொடுப்போம் என்பதைத் தமிழில் இரண்டு நிமிடம் சொல்லி, விருப்பம் இல்லாவிட்டால் பேச வேண்டாம் என்றும் சொல்லிவிட்டுத் தொடங்குங்கள். ஊர்ப் பெரியவர்களிடமோ பங்குத்தந்தையிடமோ முதலில் பேசுவது வெறும் மரியாதைக்காக மட்டுமல்ல, நாளை யாராவது உங்களை யார் என்று கேட்டால் பதில் சொல்ல ஆள் வேண்டும்.

கடைசியில் என்ன முடிவு எழுதலாம்? இந்த இரண்டு கரையில், இந்த மாதங்களில், இந்த மீனில் விலை இப்படி நகர்ந்தது, இதற்கு இவர்கள் இந்தக் காரணங்களைச் சொன்னார்கள் என்று எழுதலாம். செல்போன் மீனவர் வருமானத்தை உயர்த்தியது என்று உங்களால் எழுத முடியாது. போன் வராத கரை இன்று இல்லை, ஆகவே ஒப்பிட ஆளில்லை. அதுபோக, மீனவர் வருமானத்தைப் போனைவிடப் பலமாக ஆட்டுகிற விஷயங்கள் கடலில் இருக்கின்றன. கேரளத்தில் மத்தி 2012இல் கிட்டத்தட்ட 4 லட்சம் டன் கிடைத்தது. 2021இல் 3,297 டன். நூற்றில் ஒரு பங்குகூட இல்லை. அந்த ஒன்பது வருடத்தில் போன்கள் இன்னும் நல்ல போன்களாக மாறின, டேட்டா மலிந்தது. போனையும் வருமானத்தையும் மட்டும் வைத்து ஒருவர் வரைபடம் போட்டிருந்தால், நல்ல போன் வந்தால் மத்தி மறைந்துவிடும் என்றுகூட அது சொல்லியிருக்கும். கடல் வெப்பநிலையும் மீன்வளமும் டீசல் விலையும் உங்கள் கேள்வியின் உள்ளேயே இருக்கின்றன என்பதை ஒரு பத்தியில் வெளிப்படையாக எழுதுங்கள். தேர்வாளர் அதைக் குறையாக எடுக்கமாட்டார். எடுத்தால் உங்கள் பக்கம் நியாயம் இருக்கிறது.

எழுதி முடித்ததும் ஸ்பைரல் பைண்டிங் போட்டுத் துறையில் கொடுப்பதோடு நிறுத்தாமல், இரண்டு பக்கத்தில் தமிழில் சுருக்கி, விலை வரைபடத்தோடு அந்த இரண்டு கரைக்கும் எடுத்துக்கொண்டு போங்கள். தவறுகளை அங்கேதான் திருத்துவார்கள். எங்கள் மாணவர்கள் ஒருமுறை அப்படிப் போனபோது, விலை திடீரென்று விழுந்த மூன்று நாட்களுக்கு அவர்கள் யோசித்து யோசித்து எழுதியிருந்த விளக்கத்தை ஒரு மீன் வியாபாரி அம்மா கேட்டுவிட்டு, “அது அமாவாசைக்கு முந்தின நாளும் கார்த்திகை விரதமும் சேர்ந்து வந்தது கண்ணு, யார் மீன் வாங்குவா?” என்றார். அதைத் திருத்திய பிறகுதான் அந்த அறிக்கை முழுமையானது.

முதல் இரண்டு நாள் நோட்டு கொண்டு போகாதீர்கள். ஐந்து மணிக்குப் போய் ஏலம் நடக்கும் இடத்தில் ஓரமாக நில்லுங்கள். யார் யாரிடம் பேசுகிறார்கள், ஏலத்தில் விலை சொல்லாமலே யார் தலையசைக்கிறார், போன் எப்போது வெளியே வருகிறது என்று மட்டும் பாருங்கள். மூன்றாம் நாள் ஒரு டீ வாங்கிக் குடித்துக்கொண்டே பேச்சைத் தொடங்கலாம். அதற்குள் உங்கள் கேள்வித்தாளில் பாதி மாறியிருக்கும். அந்த மாறிய தாளை இங்கே போடுங்கள், பார்த்துச் சொல்கிறேன்.